பழைய சங்கிலி ரம்பங்கள்: பழுதுநீக்கலும் இயக்கமும்

சங்கிலி ரம்பம் என்பது, நீண்ட எஃகுத் தகடு ஒன்றின் விளிம்பைச் சுற்றி வேகமாக ஓடும் பல்வைத்த சங்கிலியால் மரத்தை அறுக்கும் கருவி. பேச்சு வழக்கில் இது செயின் சா எனப்படுகிறது. சங்கிலி ஓடும் தகட்டைத் தொழிலாளர்கள் ‘பார்’ என்பர். 1920களின் இறுதியிலிருந்து 1970களின் தொடக்கம் வரை ஜெர்மனி, அமெரிக்கா, கனடா, சுவீடன் முதலிய நாடுகளில் செய்யப்பட்ட பெட்ரோல் ரம்பங்களை இன்று பலர் தேடிப் பிடித்து, பழுதுநீக்கி, மீண்டும் ஓடச் செய்கின்றனர். அதிர்வைத் தடுக்கும் அமைப்பும் சங்கிலியை உடனே நிறுத்தும் பிரேக்கும் பரவலாகும் முன் வந்தவை இந்த ரம்பங்கள். எனவே அவற்றைப் பழுதுபார்ப்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. மரம் வெட்டும் தொழில் எந்தெந்தத் தடைகளைக் கடந்து வந்தது, அதற்குத் தொழிலாளர்கள் என்ன விலை கொடுத்தனர் என்பதைப் பாகம் பாகமாக அறியும் வழியும் ஆகும்.

தோற்றம்

பல்வைத்த சங்கிலியால் அறுக்கும் எண்ணம் காட்டில் தோன்றவில்லை; மருத்துவரின் அறையில் தோன்றியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து மருத்துவர்களான ஜான் எய்ட்கென், ஜேம்ஸ் ஜெஃப்ரே ஆகியோர், இரு முனைகளிலும் கைப்பிடி கொண்ட மெல்லிய சங்கிலியை முன்னும் பின்னும் இழுத்து எலும்பை அறுத்தனர். 1830ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மானியரான பெர்ன்ஹார்ட் ஹைனே, கைப்பிடியைச் சுழற்றினால் ஒரு தகட்டைச் சுற்றிச் சங்கிலி ஓடும் எலும்பு ரம்பத்தைச் செய்தார். தகடும் அதைச் சுற்றி ஓடும் முடிவற்ற சங்கிலியும் என்னும் இன்றைய வடிவம் அதிலேயே இருந்தது.

மரத்துக்கு இந்த முறையைக் கொண்டுவரப் பலர் முயன்றனர். கலிபோர்னியாவின் மாபெரும் செம்மரங்களை வெட்டுவதற்காக, சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த சாமுவேல் பென்ஸ் 1905இல் ஒரு சங்கிலி ரம்பத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் காட்டுக்குள் தூக்கிச் செல்லக்கூடிய அளவில் ஓர் எஞ்சின் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை கோடரியும், இருபுறமும் இருவர் நின்று இழுக்கும் நீண்ட ரம்பமுமே காட்டின் கருவிகள்.

1920களில் ஜெர்மனியில் இருவர் ஏறத்தாழ ஒரே காலத்தில் வெற்றி கண்டனர். ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் 1926இல் ஸ்டுட்கார்ட் நகரில் தம் தொழிலகத்தைத் தொடங்கி, முதலில் மின்சாரத்தில் இயங்கும் ரம்பத்தைச் செய்தார். எமில் லெர்ப் 1927இல் துரிங்கியாப் பகுதியின் டோல்மார் மலையில் தம் பெட்ரோல் ரம்பத்தைச் சோதித்தார். அதன் எடை 58 கிலோ. அந்த மலையின் பெயரே பின்னர் அவருடைய நிறுவனத்தின் பெயராயிற்று. 1929இல் ஷ்டீல் வெளியிட்ட பெட்ரோல் ரம்பத்தின் எடை 46 கிலோ. இவை அனைத்தும் இருவர் சேர்ந்து தூக்க வேண்டியவை. ஒருவர் எஞ்சின் பக்கத்திலும் மற்றவர் பாரின் நுனியிலுள்ள கைப்பிடியிலும் நின்று அறுத்தனர்.

இருவர் கருவி ஒருவர் கருவியானது

இரண்டாம் உலகப் போர் இந்தக் கருவியின் வரலாற்றைத் திருப்பியது. பாலம் அமைக்கவும் பாதை திறக்கவும் படைகளுக்கு ரம்பங்கள் தேவைப்பட்டன. அமெரிக்கப் படைக்காக, கை ரம்பங்களுக்குப் பெயர்பெற்ற டிஸ்டன் நிறுவனம் மெர்குரி எஞ்சின் பொருத்திய இருவர் ரம்பங்களைச் செய்தது. போர் முடிந்தபோது, மக்னீசியம், அலுமினியம் போன்ற இலேசான உலோகங்களை வார்க்கும் திறன் தொழிற்சாலைகளில் வளர்ந்திருந்தது. வீடு கட்ட மரம் ஏராளமாகத் தேவைப்பட்டது. ஒருவர் தூக்கும் ரம்பம் பிறந்தது இந்தச் சூழலில்தான்.

அமெரிக்காவில் ராபர்ட் மெக்கல்லக் 1949இல் வெளியிட்ட 3-25 என்னும் ரம்பம் 25 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 11 கிலோ எடை கொண்டது. ஷ்டீல் நிறுவனத்தின் ஒருவர் ரம்பமான பிஎல் 1950இல் 16 கிலோ எடையுடன் வந்தது. அதே நிறுவனத்தின் காண்ட்ரா 1959இல் 12 கிலோவில் 6 குதிரைத்திறன் தந்தது. 1689இல் துப்பாக்கித் தொழிற்சாலையாகத் தொடங்கிய சுவீடனின் ஹஸ்க்வர்னா, தன் முதல் சங்கிலி ரம்பத்தை 1959இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1960களில் ஹோம்லைட் நிறுவனத்தின் எக்ஸ்எல்-12, பாரும் சங்கிலியும் நீங்கலாக 12 பவுண்டு எடையே கொண்டிருந்தது. 46 கிலோவிலிருந்து 6 கிலோவுக்கும் குறைவாக எடை இறங்க ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

எடை குறைந்ததால் விவசாயியும் விறகு வெட்டுபவரும் கூட ரம்பம் வாங்கினர். இன்று சேகரிப்பாளர்களின் கைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை 1950களிலும் 1960களிலும் இவ்வாறு வாங்கப்பட்டு, பின்னர் கொட்டகைகளில் ஒதுக்கப்பட்டவை.

மிதவையிலிருந்து டயஃபிரம் வரை

பழைய ரம்பங்களின் காலத்தைக் கண்டறியக் கார்புரேட்டரைப் பார்ப்பது ஒரு நல்ல வழி. தொடக்க கால ரம்பங்களில் மிதவைக் கார்புரேட்டர் இருந்தது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்துவது போல, ஒரு சிறு மிதவை பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும். தொட்டியைச் சாய்த்தால் மிதவை வேலை செய்யாது. நின்ற மரத்தை வெட்டும்போது பார் கிடைமட்டமாக இருக்க வேண்டும். விழுந்த மரத்தைத் துண்டு போடும்போது செங்குத்தாக இருக்க வேண்டும். எஞ்சினைச் சாய்க்க முடியாததால், எஞ்சின் நிமிர்ந்தே இருக்க, பாரை மட்டும் திருப்பிப் பூட்டும் அமைப்பைப் பல நிறுவனங்கள் வைத்தன. அது எடையைக் கூட்டியது. ஒவ்வொரு முறையும் வேலையை நிறுத்தித் திருப்ப வேண்டியிருந்தது.

1940களின் இறுதியிலும் 1950களிலும் டயஃபிரம் கார்புரேட்டர் பரவியது. இதில் மிதவைக்குப் பதிலாக, எஞ்சினின் அழுத்த மாற்றத்தால் மேலும் கீழும் அசையும் மெல்லிய சவ்வு பெட்ரோலை இழுத்துத் தேவையான அளவு விடுகிறது. ரம்பத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் எஞ்சின் நிற்காது. டில்லட்சன் நிறுவனத்தின் எச்எல் வகைக் கார்புரேட்டர்கள் இக்காலத்து ரம்பங்கள் பலவற்றில் காணப்படுகின்றன. பழுதுபார்ப்பவருக்கு இதில் ஒரு நன்மை உண்டு. ஒரே வகைக் கார்புரேட்டர் பல நிறுவனங்களின் ரம்பங்களில் இருந்ததால், அதற்கான சவ்வும் பேக்கிங்கும் அடங்கிய தொகுப்புகள் இன்றும் கிடைக்கின்றன. ரம்பம் செய்த நிறுவனமே மறைந்துவிட்டாலும் கார்புரேட்டரைப் புதுப்பிக்க முடிகிறது.

புழு கற்பித்த சங்கிலி

எஞ்சின் வளர்ந்த அளவுக்குச் சங்கிலி வளரவில்லை. தொடக்க காலச் சங்கிலிகளின் பற்கள் கை ரம்பத்தின் பற்களைப் போலவே நேராக நின்று மரத்தைக் கீறின. அவை விரைவில் மழுங்கின. பற்கள் பலவகையாக இருந்ததால் அரம் போட்டுக் கூராக்க அதிக நேரமும் நல்ல பயிற்சியும் தேவைப்பட்டன.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிய ஜோசப் பஃபர்ட் காக்ஸ் 1946இல் ஒரு மரத்தண்டில் வண்டின் புழு ஒன்றைக் கண்டார். அது மரத்தின் இழையோட்டத்தைப் பொருட்படுத்தாமல், தன் வளைந்த தாடைகளால் இடமும் வலமுமாக மரத்தைக் குடைந்து சென்றது. அந்தத் தாடைகளின் வடிவத்தைப் பின்பற்றி, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என மாறி மாறி அமைந்த வளைந்த பற்களைக் கொண்ட சங்கிலியை அவர் வடிவமைத்தார். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால், அது எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் சிறு முனை உண்டு. 1947இல் போர்ட்லண்டிலிருந்த தம் வீட்டின் நிலவறையில் அதைச் செய்து விற்கத் தொடங்கினார். இன்றைய சங்கிலிகள் பலவும் இதன் வழிவந்தவையே. ஓர் உருண்டை அரமும் சற்றுப் பயிற்சியும் இருந்தால் காட்டிலேயே கூராக்கலாம் என்பது இதன் பெரும் பயன்.

பழைய ரம்பத்தை வாங்குபவர் முதலில் இந்தச் சங்கிலியின் அளவைத்தான் சரிபார்க்க வேண்டும். சங்கிலியின் கண்ணிகளுக்கு இடையிலான தூரம் பிட்ச் எனப்படும். இக்கால ரம்பங்களில் 3/8 அங்குலம் பொதுவானது. பழையவற்றில் 0.404, 7/16, 1/2 அங்குலச் சங்கிலிகள் உண்டு. சங்கிலியின் பிட்சும் அதைச் சுழற்றும் பற்சக்கரத்தின் பிட்சும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏறத்தாழப் பொருந்துவது போலத் தோன்றும் சங்கிலியை மாட்டினால், பற்சக்கரம் தேய்வதுடன் சங்கிலி அறுந்து தெறிக்கவும் கூடும்.

பழுதுநீக்கும் முறை

பழைய பெட்ரோல் ரம்பங்கள் அனைத்தும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்டவை. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றிய பழைய மொபெட்டுகளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதன் வேலைமுறை புதிதன்று. பெட்ரோலும் காற்றும் ஆயிலும் கலந்த கலவை முதலில் பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங்க் கேஸுக்குள் சென்று, பின்னரே சிலிண்டருக்குப் போகிறது. எனவே கீழ்ப்பகுதியில் எங்கேனும் சிறு காற்றுக் கசிவு இருந்தாலும் எஞ்சின் கெடும். வெளியே தெரியாத இந்தக் குறையைக் கவனிக்காததால்தான் பல ரம்பங்கள் மீட்கப்பட்ட சில நாட்களிலேயே பாழாகின்றன.

அனுபவமுள்ளவர்கள் கயிற்றை உடனே இழுப்பதில்லை. முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு எஞ்சினை மெதுவாகச் சுற்றிப் பார்க்கின்றனர். இறுகியிருந்தால், துரு இளக்கும் எண்ணெயைப் பிளக் துளை வழியே விட்டுச் சில நாட்கள் பொறுக்கின்றனர். வலுவாகத் திருப்பினால் ரிங் உடையும். அடுத்து சைலன்சரைக் கழற்றி, அந்தத் துளை வழியே பிஸ்டனைப் பார்க்கின்றனர். பிஸ்டனின் பக்கம் பளபளப்பாக, மெல்லிய கோடுகள் மட்டும் கொண்டிருந்தால் நம்பிக்கை உண்டு. மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள் இருந்தால், அந்த எஞ்சின் ஒரு முறையேனும் ஆயில் போதாமல் சூடேறி இறுகியிருக்கிறது என்று பொருள். கீறலைச் சரிசெய்வதோடு, அது ஏன் ஏற்பட்டது என்பதையும் கண்டறிய வேண்டும்.

தீப்பொறி அடுத்தது. பழைய ரம்பங்களில் மேக்னெட்டோ உண்டு; பேட்டரி இல்லை. ஃபிளைவீலில் உள்ள காந்தம் சுருளைக் கடக்கும்போது மின்சாரம் பிறக்கிறது. சரியான நொடியில் ஒரு சிறு தொடுமுனை திறந்து பிளக்கில் பொறியை உண்டாக்குகிறது. இந்தத் தொடுமுனையை மெக்கானிக்குகள் பாயிண்ட் என்பர். பல ஆண்டுகள் சும்மா கிடந்தாலே பாயிண்டில் கண்ணுக்குத் தெரியாத படலம் படிந்துவிடும். பொறி வராத பழைய ரம்பங்களில் பல, பாயிண்டை மெல்லிய அரத்தால் லேசாகத் தேய்த்து, சுத்தமான தாளைச் செருகி இழுத்துத் துடைத்ததும் பொறி விடுகின்றன. பிறகு ஃபீலர் கேஜால் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். பல மாதிரிகளில் அது 0.015 முதல் 0.018 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். அதன் பிறகும் பொறி பலவீனமாக இருந்தால் கண்டென்சரை மாற்றிப் பார்ப்பர்.

பல மாதிரிகளில் பாயிண்டை அடைய ஃபிளைவீலைக் கழற்ற வேண்டியிருக்கும். இதில்தான் பொறுமையின்மை பெரும் சேதம் விளைவிக்கிறது. ஃபிளைவீலின் காற்றுத் தகடுகள் எளிதில் உடையும் வார்ப்பு உலோகத்தால் ஆனவை. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் அவை உடையும். உடைந்த தகட்டுக்கு மாற்று கிடைப்பது அரிது. அந்த மாதிரிக்குரிய புல்லரைக் கொண்டே கழற்ற வேண்டும். கழற்றியபின், அதை அச்சில் நிறுத்தும் சிறு சாவி அறுபட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது சற்றே நகர்ந்தாலும் பொறி தவறான நேரத்தில் வரும். எவ்வளவு இழுத்தாலும் எஞ்சின் கிளம்பாது.

பின்னர் பெட்ரோல் செல்லும் வழி. டேங்கில் பழைய பெட்ரோல் வார்னிஷ் போலக் காய்ந்திருக்கும். ரப்பர் குழாய் கல்லாகவோ பிசினாகவோ மாறியிருக்கும். டயஃபிரம் காகிதம் போல விறைத்திருக்கும். இவற்றை மாற்றுவது எளிது. மறக்கப்படுவது ஆயில் சீல். கிராங்க் அச்சு வெளியே வரும் இரு முனைகளிலும் உள்ள இந்த ரப்பர் வளையங்கள் வறண்டால், கிராங்க் கேஸுக்குள் வெளிக்காற்று நுழையும். கலவையில் காற்று கூடி, பெட்ரோலும் அதிலுள்ள ஆயிலும் குறையும். எஞ்சின் நன்றாக, முன்னைவிட வேகமாகக் கூட ஓடுவது போலத் தோன்றும். ஆனால் சில நிமிடங்களில் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் ஒட்டிக்கொள்ளும். இதைத் தவிர்க்க, துளைகளை அடைத்துக் குறைந்த அழுத்தத்தில் காற்று ஏற்றி, அழுத்தம் நிற்கிறதா என்று முன்னதாகவே சோதிப்பர்.

எரிபொருளும் காதும்

பழைய கையேடுகள் 16 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்ற விகிதத்தைக் கூறுகின்றன. அக்காலத்தில் சாதாரண எஞ்சின் ஆயிலே கலக்கப்பட்டது. இன்றைய இரண்டு ஸ்ட்ரோக் ஆயில்கள் தரமானவை என்பதால் 32க்கு 1 என்ற விகிதத்தைப் பலர் பயன்படுத்துகின்றனர். ஈயம் நீக்கிய பெட்ரோலால் இந்த எஞ்சின்களுக்குத் தீங்கில்லை. ஈயம் காத்தது நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களின் வால்வு இருக்கைகளை. இவற்றில் அவை கிடையாது. இன்றைய சிக்கல் எத்தனால்தான். இந்தியா உட்படப் பல நாடுகளில் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகிறது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பரை இளக்கும். மக்னீசிய டேங்கை அரிக்கும். எனவே எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால் அதையே ஊற்றுவதும், வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து கார்புரேட்டர் வற்றும் வரை ஓட்டுவதும் நல்ல பழக்கங்கள்.

கார்புரேட்டரைச் சரிசெய்ய இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று மெதுவான ஓட்டத்துக்கு, மற்றொன்று முழு வேகத்துக்கு. இரண்டையும் மென்மையாக இறுக்கிவிட்டு ஒரு சுற்று தளர்த்துவது பொதுவான தொடக்கம். அதன் பின் காதே கருவி. மரத்தைத் தொடாமல் முழு வேகத்தில் பிடித்தால் ஒலி சற்றுத் தடுமாறிக் கரகரக்க வேண்டும். மரத்தில் இறக்கியதும் அந்தக் கரகரப்பு நீங்கி ஒலி தெளிய வேண்டும். வெறுமனே பிடித்திருக்கும்போதே ஒலி தெளிவாக, கூர்மையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். புதியவர்கள் அந்தக் கூர்மையான ஒலியை எஞ்சினின் வலிமை என்று எண்ணி மகிழ்வதுண்டு. உண்மையில் அது அபாயத்தின் ஒலி.

பாருக்கு எண்ணெய் செல்வதையும் பார்க்க வேண்டும். பழைய ரம்பங்கள் பலவற்றில் சங்கிலிக்கு எண்ணெய் தானாகச் செல்லாது. பின்கைப்பிடி அருகிலுள்ள பொத்தானைக் கட்டைவிரலால் அவ்வப்போது அழுத்த வேண்டும். இக்கால ரம்பத்துக்குப் பழகியவர் இதை மறந்தால், பாரும் சங்கிலியும் புகையும்.

உதிரிப் பாகங்கள்

பழைய ரம்பங்களைச் செய்த நிறுவனங்கள் பல இன்று இல்லை, சில கைமாறின. மெக்கல்லக்கின் கதை பலருக்கும் தெரிந்தது. அரிசோனாவில் லேக் ஹவாசு சிட்டி என்னும் நகரை உருவாக்கிய அந்த நிறுவனர்தான், 1968இல் பழைய லண்டன் பாலத்தை 24,60,000 டாலருக்கு வாங்கிக் கற்களைப் பெயர்த்துவந்து அங்கே மீண்டும் கட்டியவர். பாலம் இன்றும் நிற்கிறது. அமெரிக்காவில் அவருடைய ரம்ப நிறுவனம் 1999இல் மூடப்பட்டது. அதன் பெயர் பின்னர் ஹஸ்க்வர்னாவின் கைக்குச் சென்றது.

இந்நிலையில் பாகங்கள் பெரும்பாலும் ஓடாத ரம்பங்களிலிருந்தே கிடைக்கின்றன. ஒரே மாதிரியில் இரண்டு அல்லது மூன்று வாங்கி, அவற்றைக் கொண்டு ஒன்றை ஓடச் செய்வது வழக்கம். சில எஞ்சின்களுக்கு வேறொரு வழியும் உதவியது. 1950களின் இறுதியில் கலிபோர்னியாவில் கோ-கார்ட் பந்தயம் பரவியபோது, மெக்கல்லக் தன் ரம்ப எஞ்சின்களின் அடிப்படையில் கார்ட் எஞ்சின்களைச் செய்தது. பந்தயக்காரர்கள் காத்துவைத்த பாகங்கள் சில ரம்பக்காரர்களுக்கும் பயன்படுகின்றன. ஷ்டீல் காண்ட்ராவின் வழிவந்த 070, 090 ஆகிய பெரிய ரம்பங்கள் வெப்பமண்டல நாடுகளில் மரத்தண்டைப் பலகையாக அறுக்க நெடுங்காலம் பயன்பட்டதால், அவற்றின் பாகங்களும் ஒப்பீட்டளவில் எளிதில் கிடைக்கின்றன.

தொழிலாளரின் கைகள்

பழைய ரம்பத்தின் முன்கைப்பிடி பெரும்பாலும் எஞ்சினோடு நேரடியாகத் திருகப்பட்ட உலோகக் குழாய். எஞ்சினின் அதிர்வு முழுவதும் அதன் வழியே கைக்கு வந்தது. ஒரு நாளில் பல மணி நேரம், பல குளிர்காலங்கள் இதைப் பிடித்தவர்களின் விரல்களில் நரம்பும் இரத்தக் குழாய்களும் கெட்டன. குளிர் பட்டதும் விரல்கள் வெளுத்து உணர்விழந்தன. நாளடைவில் சட்டைப் பொத்தானைப் போடுவதே கடினமாயிற்று. இது வெண்விரல் நோய் எனப்படுகிறது.

இந்த நோய் புதிதன்று. அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918இல் இந்தியானா மாநிலத்தின் கல்குவாரிகளில் காற்றழுத்தச் சுத்தியல் பிடித்த தொழிலாளர்களிடம் இதை ஆராய்ந்து எழுதியிருந்தார். ஒருவர் ரம்பம் பரவிய பின், அதே நோய் காட்டுத் தொழிலாளர்களிடம் பெருமளவில் தோன்றியது. 1960களில் ஜப்பான், நார்டிக் நாடுகள், பிரிட்டன் ஆகியவற்றின் மருத்துவர்கள் அதைப் பதிவு செய்தனர். தொழிற்சங்கங்களும் அரசு வனத்துறைகளும் வற்புறுத்தின. எஞ்சினுக்கும் கைப்பிடிக்கும் இடையே ரப்பர் தாங்கிகளை வைக்கும் முறை 1960களில் வந்து, 1970களில் பரவியது.

அதன் விளைவை ஃபின்லாந்தில் அளந்திருக்கின்றனர். சுவோமுசல்மி பகுதியின் காட்டுத் தொழிலாளர்களை 1972 முதல் 1990 வரை தொடர்ந்து ஆராய்ந்தபோது, வெண்விரல் நோய் உள்ளவர்கள் 40 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருந்தனர். அதே காலத்தில் ரம்பத்தின் அதிர்வு ஏழில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. சில ரப்பர்த் துண்டுகள் செய்த வேலை இது.

இரண்டாவது குறை இன்னும் உடனடியானது. ஓடும் பாரின் நுனியின் மேற்பகுதி மரத்தில் பட்டால், சங்கிலி மரத்தைக் கடித்து, ரம்பம் முழுவதையும் இயக்குபவரின் முகத்தை நோக்கித் தூக்கி எறியும். இது நொடிக்கும் குறைவான நேரத்தில் நிகழ்வதால் கையால் தடுக்க முடியாது. 1970களின் தொடக்கத்திலிருந்து வந்த சங்கிலி பிரேக், முன்கைப்பிடிக்கு முன்னுள்ள காப்புத் தகடு தள்ளப்பட்டதும் சங்கிலியை நிறுத்துகிறது. பழைய ரம்பங்களில் பிரேக் இல்லை. பலவற்றில் அந்தக் காப்புத் தகடும் இல்லை. கைப்பிடியிலிருந்து இடக்கை நழுவினால் நேரே சங்கிலியின் மேல் விழும்.

பாதுகாப்பாக இயக்குதல்

மீட்கப்பட்ட ரம்பத்தை எதற்காக ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்தே பாதுகாப்பு அமைகிறது. நின்ற மரத்தை வெட்டவும், மரத்தின் மேல் ஏறிக் கிளை வெட்டவும், புயலில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து அழுத்தத்தில் கிடக்கும் மரங்களை அகற்றவும் பழைய ரம்பம் ஏற்றதன்று. அவற்றில் பாரின் நுனி எங்கே படுகிறது என்று எப்போதும் தெரியாது. தாங்கியின் மேல் உறுதியாகக் கிடத்திய தண்டைத் துண்டு போடுவதே அதற்கேற்ற வேலை. அப்போது பாரின் நடுப்பகுதியால் அறுத்து, நுனியை மரத்தில் படாமல் வைத்துக்கொள்ளலாம்.

சில நடைமுறைகள் எல்லா மாதிரிகளுக்கும் பொருந்தும். ரம்பத்தைத் தரையில் ஊன்றி அழுத்திப் பிடித்தே கயிற்றை இழுக்க வேண்டும். பெரிய எஞ்சின்கள் திருப்பி இழுத்து மணிக்கட்டைப் புண்படுத்தும். மெதுவான ஓட்டத்தில் சங்கிலி நகரக் கூடாது. நகர்ந்தால் கிளட்ச் அல்லது கார்புரேட்டர் சரியில்லை. நிறுத்தும் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். இடக்கைக் கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றி வளைந்திருக்க வேண்டும். பழைய சைலன்சர்கள் ஒலியைப் பெரிதாகக் குறைப்பதில்லை. 100 டெசிபலைத் தாண்டும் ஒலியில் காதடைப்பான் இன்றி நிற்கக் கூடாது. தலைக்கவசம், முகத்திரை, சங்கிலியைச் சிக்கவைத்து நிறுத்தும் இழைகள் கொண்ட காற்சட்டை ஆகியவை ரம்பம் பழையது என்பதால் விலக்கத் தக்கவை அல்ல. பழையது என்பதாலேயே கூடுதலாகத் தேவையானவை. ஒரே தடவையில் சில நிமிடங்கள் ஓட்டிக் கைக்கு ஓய்வு கொடுப்பது நன்று.

இன்றைய நிலை

வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மரத்தொழில் விழாக்களில் பழைய ரம்பங்களைக் காட்சிக்கு வைத்து ஓட்டிக் காட்டுகின்றனர். பெயிண்ட் அடித்துப் புதிது போல ஆக்க வேண்டுமா, தேய்ந்த பெயிண்டையும் கீறல்களையும் அப்படியே விட வேண்டுமா என்பதில் சேகரிப்பாளர்களிடையே இரு கருத்துகள் உள்ளன. உழைத்தவரின் கை பட்டுத் தேய்ந்த இடம் ஒரு சான்று என்பது இரண்டாம் தரப்பின் வாதம். பிரேக் இல்லாத ரம்பத்தில் புதிதாக ஒன்றைப் பொருத்துவது நடைமுறையில் கடினம் என்பதால், அதன் குறைகளை அறிந்து குறைவாக இயக்குவதே இரு தரப்பும் ஏற்கும் வழி.

பேட்டரி ரம்பங்கள் பரவிவரும் இக்காலத்தில், பாயிண்டைச் சரிசெய்யவும் ஒலியைக் கேட்டுக் கார்புரேட்டரைத் திருப்பவும் தெரிந்தவர்கள் குறைந்துவருகின்றனர். அவர்களிடமிருந்து கற்பவர்கள் எஞ்சினைக் கிளப்பும் முறையோடு, முன்கைப்பிடியில் ரப்பர் ஏன் இல்லை, அதற்கு முன்னால் காப்புத் தகடு ஏன் இல்லை என்பதையும் சேர்த்துக் கற்பது அவசியம். இன்றைய ரம்பத்தில் அவை இருப்பதற்குக் காரணம், இல்லாத ரம்பத்தைப் பிடித்து உழைத்தவர்களின் கைகள்.